பதவியிழந்தவர்கள் 18 பேர், குரலிழந்தவை 18 தொகுதிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு, 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை எம்.எல்.ஏ. என்று ஒருவர் இல்லை. தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் பூந்தமல்லியின் டி.ஏ.ஏழுமலையும் ஒருவர்.

2017 ஆகஸ்ட் 21-ல் அ.தி.மு.க.வில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. மறுநாளே டி.டி.வி.தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 19 பேர், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் கடிதம் கொடுத்தார்கள். கையோடு புதுச்சேரி விடுதிக்குப் போனார்கள். அங்கிருந்து கர்நாடகத்தின் குடகுக்கு. அவர்களில் கம்பம் எம்.எல்.ஏ. ஜக்கையன் அணி மாறினார். மீதி 18 பேரையும் சபாநாயகர் தனபால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் நீக்கினார்.

இப்படி வெளிமாநிலம் போவது வேறு சில இடங்களில் பலன் தரும். அமெரிக்காவின் டெக்சாஸில் 150 பேர் கொண்ட அவை நடக்க 100 பேர் வேண்டும். அதனால்தான் 2025 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியினர் இல்லினாய்ஸுக்குப் போய், தொகுதி மறுவரையறை வாக்கெடுப்பைச் சில நாட்கள் நிறுத்த முடிந்தது. நம் பேரவைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் வந்தாலே போதும். வெளிமாநிலம் போய் அவையை முடக்க இங்கே வழியில்லை. வந்திருந்து வாக்களிப்பவர்களில்தான் பெரும்பான்மை பார்க்கப்படும் என்பதால், வராதவர் அரசுக்கே உதவுகிறார். ஆர்.கே.நகர் காலியாக இருந்த அன்றைய 233 பேர் அவையில் பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 பேரை நீக்கியதும் 108 போதுமென்றானது.

நீக்கத்தை எதிர்த்து 18 பேரும் தொடுத்த வழக்கில் 2018 ஜூன் 14-ல் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர். மூன்றாவது நீதிபதி எம்.சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18-ல்தான் நடந்தது, பூந்தமல்லியில் தி.மு.க.வின் ஆ.கிருஷ்ணசாமி வென்றார்.

இதே காலத்தில் உள்ளாட்சித் தேர்தலும் நடக்கவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் வாக்குப்பதிவு. ஆக, பூந்தமல்லி நகரவாசிக்குத் தெருவிளக்குக்கு மனு கொடுக்க கவுன்சிலர் இல்லை. குடிநீர்ப் பிரச்சினையைப் பேரவையில் எழுப்ப எம்.எல்.ஏ.வும் இல்லை. இருந்தவர்கள் அதிகாரிகள் மட்டுமே. அவர்களிடம் வாக்காளர் கெஞ்சலாம், கேள்வி கேட்க முடியாது.

பெரும்பான்மையை அவையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1994-லேயே பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 19 பேர் கடிதம் கொடுத்த வாரமே பேரவையைக் கூட்டியிருந்தால், குடகுக்குப் போக அவசியம் இருந்திருக்காது. ஆதரவு சந்தேகத்துக்குள்ளானால் ஒரு வாரத்தில் வாக்கெடுப்பு, தகுதிநீக்க வழக்கென்றால் மூன்று மாதத்தில் இறுதித் தீர்ப்பு: இந்த இரண்டையும் சட்டமாக்க வேண்டும். எம்.எல்.ஏ. பதவி கட்சியுடையதா, தலைவருடையதா என்று ஓராண்டுக்கு மேல் வாதாடினார்கள். அது வாக்காளருடையது. நாளை அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ இதே கதி வரும்முன் அதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.