காபூல் நகரத்து இரு சிறுவர்கள்

ஒருவன் தன் நண்பனுக்குத் தீங்கு செய்துவிடுகிறான். அதன் பின்னர் அந்த நண்பனைக் கண்டாலே அவனுக்கு வெறுப்பு உண்டாகிறது. தீங்கிழைத்தவன்தானே தலைகுனிய வேண்டும்? இந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது? இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் நாவல் இக்கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

காலித் ஹுசைனி ஆங்கிலத்தில் எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கைட் ரன்னர்' அந்த நாவல். அறுந்து விழும் பட்டத்தைத் துரத்திப் பிடிப்பவன் என்று பொருள் கொள்ளலாம். ஆசிரியர் 1965இல் காபூலில் பிறந்தவர். 1980இல் அவர் குடும்பம் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தது. அங்கே மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே இந்நாவலை எழுதினார்.

அமீர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, பஷ்தூன் இனத்தவன். ஹசன் அவ்வீட்டு வேலைக்காரரான அலியின் மகன். ஆப்கானிஸ்தானத்தில் நெடுங்காலம் இழிவாக நடத்தப்பட்ட ஹசாரா இனத்தவன். இருவரும் ஒரே செவிலித்தாயிடம் பால் குடித்தவர்கள். ஆயினும் அமீர் பள்ளிக்குப் போகிறான். ஹசன் அவனுக்குக் காலை உணவு வைத்து, உடுப்புக்குப் பெட்டி போட்டுக் கொடுக்கிறான். மாதுளை மரத்தடியில் அமர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஹசனுக்கு அமீர் கதை படித்துக் காட்டுவான்.

1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பட்டப் போட்டி நடக்கிறது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுக்கும் போட்டி அது. அமீர் வெல்கிறான். கடைசியாக அறுந்த நீலப் பட்டத்தை எடுத்து வர ஹசன் ஓடுகிறான். அதைக் கொண்டு போனால்தான் தந்தையின் அன்பு முழுதாகக் கிடைக்கும் என்பது அமீரின் எண்ணம். சந்து ஒன்றில் மூன்று முரடர்கள் ஹசனை மடக்குகிறார்கள். அங்கே நடந்த கொடுமையை வானொலியில் விவரிப்பது முறையன்று. அமீர் மறைந்து நின்று பார்க்கிறான், பிறகு ஓடிவிடுகிறான்.

அச்சத்தால் ஓடிய சிறுவனை நாம் மன்னித்துவிடலாம். பன்னிரண்டு வயதுதானே! அதற்குப் பின் அவன் செய்வதுதான் நெஞ்சைச் சுடுகிறது. ஒருநாள் ஹசன்மீது மாதுளம்பழங்களை ஒவ்வொன்றாக எறிந்து, திருப்பி அடி, அடி என்று கத்துகிறான். ஹசனோ ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொள்கிறான். அடி கிடைத்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும், கிடைக்கவில்லை. ஆகவே குற்றத்தை நினைவூட்டும் முகமே வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்கிறான். தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் படுக்கைக்கடியில் வைத்துத் திருட்டுப்பட்டம் கட்டுகிறான். நண்பனைக் காப்பாற்ற ஹசன் பொய்யாக ஒப்புக்கொள்கிறான். அலியும் மகனும் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள்.

சோவியத் படைகள் நாட்டிற்குள் நுழைந்த பின்னர், தந்தையும் அமீரும் அமெரிக்கா சேர்கிறார்கள். 2001இல் பெஷாவரிலிருந்து ரஹீம் கான் என்னும் குடும்ப நண்பரின் அழைப்பு வருகிறது. ஹசனைத் தாலிபான்கள் கொன்றுவிட்டார்கள். அவன் மகன் சோராப் அநாதையாக நிற்கிறான். ஹசன் அமீரின் தந்தைக்கே பிறந்தவன் என்ற உண்மையும் அப்போதுதான் வெளிப்படுகிறது. திருட்டைவிடப் பெரிய பாவமில்லை என்று மகனுக்குப் போதித்த அந்தத் தந்தை, ஒரு பிள்ளையின் பிறப்புரிமையையே திருடியிருக்கிறார்!

சோராபை மீட்கப் போன இடத்தில், தாலிபான் தலைவனாக வந்து நிற்பவன் பழைய முரடன் ஆசெஃப். இது சற்று மிகையான பொருத்தம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஹசனின் மனத்துக்குள் ஆசிரியர் நம்மை ஒருபோதும் அழைத்துச் செல்லாததும் குறைதான். அவன் பொறுத்துப் போவதை மட்டுமே காண்கிறோம். ஆயினும், ஆசெஃப் எலும்பு முறிய அடிக்கும்போது அமீர் சிரிக்கும் இடம் மறக்க முடியாதது. மாதுளை மரத்தடியில் கேட்டுப் பெறாத அடி, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, வேறொருவன் கையால் விழுகிறது.

அடி வாங்கியதோடு கடன் தீர்ந்துவிடவில்லை. அநாதை விடுதிக்கு அனுப்பமாட்டேன் என்று சோராபுக்கு அளித்த வாக்கிலும் அமீர் தடுமாறுகிறான். சிறுவன் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயல்கிறான். பிழைத்து அமெரிக்கா வந்த பின்னரும் பல மாதங்கள் வாய் திறப்பதில்லை. கடைசியில், ஒரு பூங்காவில் இருவரும் பட்டம் விடுகிறார்கள். எதிர்ப்பட்டம் அறுகிறது, சிறுவன் உதட்டோரத்தில் மெல்லிய புன்னகை தோன்றுகிறது. அறுந்த பட்டத்தைப் பிடித்து வர இம்முறை ஓடுகிறவன் அமீர்.