மணியாச்சி பிஸ்டல் முதல் சுவிஸ் எம்பி9 வரை

கோவில்பட்டியில திருநெல்வேலி ரயில் ஏறினா, கடம்பூர் தாண்டி மணியாச்சி வரும். ஸ்டேஷனோட இப்போதைய பேரு வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கே, ரயில் பெட்டியிலேயே. அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல். வரலாறு வகுப்பு இதோட முடிஞ்சிடும். நாம அந்தப் பிஸ்டலுக்குள்ள கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

குண்டு முன்னாடி பாயும்போது, அதே அளவு உந்தம் பின்னாடியும் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தக் காலத்து பெல்ஜியம் பிரவுனிங் பிஸ்டல்கள் இந்தத் தள்ளலையே வேலை வாங்கின. காலித் தோட்டா ஸ்லைடைப் பின்னால் தள்ளும். ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்பும்போது அடுத்த தோட்டா பேரலுக்குள் ஏறிடும். இதுக்குப் பேர் ப்ளோபேக்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே பின்பக்கம் திறந்துட்டா, உயர் அழுத்த வாயு சுடுறவர் பக்கமே சீறும். ப்ளோபேக்கில் பூட்டு கிடையாது. அந்தத் திறப்பைத் தாமதப்படுத்துறது முக்கியமா நிறைதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 9 மி.மீ. குண்டு 8 கிராம், போல்ட் 600 கிராம், பேரல் 20 செ.மீ.னு வெச்சுக்கோங்க. உந்தம் சமம் என்பதால், குண்டு 20 செ.மீ. போறதுக்குள்ள போல்ட் 200 × 8/600, அதாவது 3 மி.மீ.க்கும் குறைவாகத்தான் நகரும். தோட்டா இன்னும் உள்ளேயே இருக்கு. ஆபத்து இல்லை.

பிஸ்டல் தோட்டாவை சரமாரியாகச் சுடுவது சப்மெஷின் கன். நம்ம ஊர் போலீஸ் தோளில் பார்த்திருப்பீங்களே, கான்பூரில் தயாரான ஸ்டெர்லிங் கார்பைன்? அதுவும் இதே கனமான போல்ட் கணக்குதான். தோட்டா எடுக்காமலே சுமார் 2.7 கிலோ வரும்.

எடையைக் குறைக்கணும்னா? இங்கேதான் சுவிட்சர்லாந்து வருது. தூன் நகரத்து பி அண்ட் டி கம்பெனி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர் டிஎம்பி வடிவமைப்பை 2001-ல் வாங்கி, மேம்படுத்தி எம்பி9 ஆக்கியது. எடை சுமார் 1.4 கிலோ. இதில் கனமான போல்ட்டுக்கு இடமே இல்லை. அதனால பேரலும் போல்ட்டும் பூட்டிக்கிட்டே கொஞ்ச தூரம் சேர்ந்து பின்னால் போகும். அதுக்குள்ள குண்டு வெளியேறிடும். அப்புறம் பேரல் லேசாகச் சுழன்று பூட்டைத் திறந்துவிடும்.

ஸ்டெர்லிங்கில் இரும்பின் எடை செஞ்ச வேலையை, எம்பி9-ல் ஒரு சுழற்சி செய்யுது. ஆனா அந்தச் சுழற்சிக்கு பாகங்களைத் துல்லியமாகக் கடையணும், செலவும் கூடும். டிசைன்ல எதுவும் இலவசமாகக் கிடைக்காது.

அடுத்த தடவை மணியாச்சியில வண்டி நிக்கும்போது, வரலாற்றோட இந்தக் கணக்கும் ஞாபகம் வரட்டும்.