முதற்சீர் மாறிய நாட்டுப்பண்

நாட்டுப்பண்ணை மக்கள் அனைவரும் பாடுவர். அதனை இயற்றிய கவிஞரை அறிந்தோர் சிலரே. இலங்கையின் நாட்டுப்பண்ணுக்குச் சொல்லும் இசையும் தந்தவர் ஆனந்த சமரக்கோன். தம் பாடல் நாட்டுக்கே உரியதாக உயர்ந்ததையும், அதன் தொடக்கம் தம் இசைவின்றி மாற்றப்பட்டதையும் அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

பாடலின் பிறப்பு

சமரக்கோன் 1911ஆம் ஆண்டு கொழும்புக்கு அருகிலுள்ள பாதுக்கைப் பகுதியில் பிறந்தார். 1936இல் தாகூரின் சாந்திநிகேதன் சென்று கலை பயின்றார். அக்காலச் சிங்களப் பாடல்கள் பல வட இந்திய மெட்டுகளைத் தழுவி அமைந்தன. நாடு திரும்பிய சமரக்கோனோ எளிய சொற்களில் சிற்றூர் வாழ்வைப் பாடி, தாமே மெட்டும் அமைத்தார். சிங்கள இசைப்பாடலில் அது புதிய தடமாயிற்று.

காலி நகரின் மகிந்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1940இல் 'நமோ நமோ மாதா' என்னும் பாடலை இயற்றினார். அப்போது இலங்கை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. விடுதலைக்குப் பின், 1951 நவம்பர் 22 அன்று அப்பாடல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. பண்டிதர் மு. நல்லதம்பி அதனை அதே மெட்டில் தமிழாக்கினார்.

மங்கலமும் சொல்லும்

செய்யுளின் தொடக்கம் நன்மை தீமைகளை விளைக்கும் என்னும் நம்பிக்கை பழமையானது. தமிழில் பாட்டியல் நூல்கள் முதற்சீருக்கு மங்கலம், எழுத்து, கணம் முதலிய பத்துப் பொருத்தங்களை வகுத்துள்ளன. சிங்களக் கவிதை மரபிலும் இத்தகைய கணப்பொருத்தம் பார்க்கும் வழக்கம் உண்டு.

1952இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய துயரங்களுக்கு நாட்டுப்பண்ணின் தொடக்க எழுத்துகளே காரணம் எனச் சிலர் குறைகூறினர். சமரக்கோன் அதனை ஏற்கவில்லை. எனினும் 1961இல் அரசு அத்தொடக்கத்தை 'ஸ்ரீ லங்கா மாதா' என மாற்றியது. 'நமோ' என்பது வணக்கத்தைக் குறிக்கும் சொல். தாய்நாட்டை வணங்கித் தொடங்கிய பாடல், அதன் பெயரைச் சொல்லித் தொடங்குவதாயிற்று.

கவிஞரின் துயர்

இம்மாற்றம் சமரக்கோனை ஆழமாகப் புண்படுத்தியது. மறு ஆண்டு ஏப்ரல் 5 அன்று அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு அகவை 51.

மாற்றப்பட்ட தொடக்கமே இன்றும் பாடப்படுகிறது. மெட்டும் ஏனைய சொற்களும் சமரக்கோனுடையவை. ஒரு தாய் மக்களாய் வேற்றுமை நீங்கி வாழ்வோம் என்பது அப்பாடலின் நிறைவுக் கருத்து. நீண்ட இடைவெளிக்குப் பின், 2016ஆம் ஆண்டு சுதந்திர நாள் விழாவில் அக்கருத்து தமிழிலும் ஒலித்தது.