பட்டியலினுட் பட்டியல்

கணினிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றுளது. பட்டியலினுட் பட்டியல் அமைத்து, உள்ளிருக்கும் ஒரு பெறுமானத்தை மாற்றும் இடமே அது. உயர்தர வகுப்பிற் பயிலப்படும் பைதன் மொழியையே உதாரணமாகக் கொள்வாம். நெதர்லாந்து நாட்டவரான கிடோ வான் றொசம் 1991இல் வெளியிட்ட மொழி அது.

இரு மாணவர் முதலாந் தவணையிற் பெற்ற புள்ளிகள் [[62, 48], [71, 55]] எனப் பதியப்பட்டுள்ளன என்க. அப்பட்டியலுக்குப் 'புள்ளிகள்' எனப் பெயரிடுவோம். (2008இல் வந்த மூன்றாம் பதிப்பு முதலாகப் பைதன் தமிழ்ப் பெயரையும் ஏற்கும், தமிழாசிரியராகிய எமக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.) எண்ணுதல் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால், இரண்டாம் மாணவனது முதற் பாடப் புள்ளி புள்ளிகள்[1][0] ஆகும். புறத்தினின்று அகம் நோக்கிச் செல்லும் இவ்வொழுங்கு, 'பட்டியலின் இரண்டாம் மாணவனது முதற் புள்ளி' என ஆறாம் வேற்றுமை அடுக்கி வரும் நம் மொழிக்கு மிக இயல்பானது. புள்ளிகள்[1][0] = 80 என எழுதின், 71 நீங்கி 80 அமையும். இதுவரை இடரில்லை.

இடர் பிரதி எடுக்குங்காற் பிறக்கின்றது. முதலாந் தவணை ஏட்டைப் பேணிக்கொண்டு, அதன் பிரதியில் இரண்டாந் தவணைப் புள்ளியைப் பதிய ஒரு மாணவன் எண்ணுகின்றான். புதிது = புள்ளிகள் என்றெழுதின் பிரதி பிறவாது; ஒரு பொருளுக்கு இரண்டு பெயரே பிறக்கும். நிகண்டு கற்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். இதனை அறிந்தவன் 'கொப்பி' என்னுங் கட்டளையை நாடுவான். அப்போதும் புதிதாவது வெளிப்பட்டியல் மட்டுமே; உள்ளிருப்பவை பழைய பட்டியல்களையே சுட்டி நிற்கும். ஆதலின் புதிது[1][0] = 80 என்றவுடன் பழைய ஏட்டிலும் 71 அழிந்துபோம். கணினியோ பிழையென்று ஒரு சொல்லுஞ் சொல்லாது. இரு தவணையிலும் 80 எனக் கண்ட ஆசிரியர், ஒன்பது புள்ளி உயர்ந்த பிள்ளையை முன்னேறாதவன் என்று மதிப்பிடுவார்.

'டீப்கொப்பி' என்னுங் கட்டளை உள்ளும் புறமும் புதிதாக்கித் தரும். சிறிய ஏட்டுக்கு அதுவே போதும். பேரேடாயின், ஓர் எண்ணுக்காக யாவற்றையும் படியெடுத்தல் வீண். அங்கே, மாற்றவேண்டிய எண்ணுக்குச் செல்லும் வழியிலுள்ள பட்டியல்களை மட்டும் புதிதாக்கலாம். நம் உதாரணத்தில் வெளிப்பட்டியலும் இரண்டாம் மாணவனது பட்டியலும் புதியன; முதல் மாணவனது [62, 48] இரண்டு ஏட்டுக்கும் பொது. பொதுவிலுள்ளதைப் பின்னர் எவரும் நேரே திருத்தலாகாது. பலர் கூடி எழுதும் நிரலில் இந்நிபந்தனையைக் காத்தல் அரிது. ஐயமுள்ளவிடத்து முழுப் பிரதியே எடுக்க என்போம்.

உட்பட்டியல் பொதுவானதா என்பதை 'இஸ்' என்னுஞ் சொல்லால் வினவி அறியலாம். புள்ளிகள்[0] இஸ் புதிது[0] என்பதற்கு 'ட்ரூ' என விடை வரின், இரண்டும் ஒரே பொருள். == என்னுங் குறி இதற்கு உதவாது; அது பெறுமானம் ஒத்திருத்தலை மட்டுமே கூறும்.