மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு

பருத்த உடலினரையே நீரிழிவு பற்றும், மெலிந்தவரை அஃது அணுகாது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. ஆயினும் அந்நோய்க்கு மருந்துண்போரை உற்றுநோக்கின், அவருள் ஒல்லியானவரும் இருத்தலைக் காண்கின்றோம். இஃது எவ்வாறு நேர்கின்றது? இவ்வினாவுக்கு விடைகாணப் புகுந்த ஆராய்ச்சியின் வரலாறு குடும்பத்தார் யாவரும் அறியத்தக்கது.

உடற்பருமனை மதிப்பிட வைத்தியர் கையாளும் வழி எளிது. ஒருவரது நிறையைக் கிலோகிராமிற் கண்டு, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெல்சிய அறிஞர் கெற்றலே வகுத்த இக்கணக்குக்கு, 1972ஆம் ஆண்டில் அமெரிக்கரான அன்சல் கீசு இட்ட பெயரே இன்று ‘உடற்றிணிவுச் சுட்டி’ என வழங்குகின்றது. சுட்டி 25ஐ எட்டினால் மிகைநிறை என்பது பொதுவிதி. ஆனால், தராசு அறிவது நிறையை மட்டுமே. அந்நிறையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்புத் தங்கியிருக்கும் இடம் யாது என்பவற்றை அஃது உரைக்காது.

இடத்தின் முக்கியத்தை 1947இலேயே எடுத்துரைத்தவர் பிரான்சிலுள்ள மார்செய் நகர வைத்தியர் ழான் வாக் என்பார். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புத் திரண்டவரைக் காட்டிலும், உடலின் மேற்பாகத்தில் அது திரண்டவருக்கே நீரிழிவு மிகுதியாகத் தோன்றுவதை அவர் சுட்டிக்காட்டினார்.

2004ஆம் ஆண்டில் ‘லான்செற்’ என்னும் வைத்திய இதழில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. அதில் நின்றவர் இருவர்: ஒருவர் இந்தியாவின் புனே நகர வைத்தியர் யாச்னிக், மற்றவர் இலண்டன் வைத்தியர் யுட்கின். இருவரது சுட்டியும் 22.3 தான். ஆனால் யுட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 வீதம், யாச்னிக்கின் உடலிலோ 21.2 வீதம்! ஒரே எண்ணுக்குள் இருமடங்குக்கு மேற்பட்ட வேற்றுமை ஒளிந்திருந்தது.

இவ்வேற்றுமை கருவறையிலேயே தொடங்குகின்றது போலும். புனேயிற் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு யாச்னிக் குழுவினர் 2003இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். புனேக் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளினது 3.5 கிலோ. ஆயினும் நிறையிற் குறைந்த அம்மதலைகளிடம் தசையே பெரிதும் குறைந்திருந்தது. தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

கொழுப்பு தன்னளவிற் பகையன்று. தோலின் கீழ் அது தங்குமிடம் நெற்களஞ்சியம் போன்றது. களஞ்சியம் கொள்ளாத நெல்லை அடுக்களையிலும் படுக்கையறையிலும் குவித்தால் வீடு என்னாகும்? அவ்வாறே மிஞ்சிய கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து, ஈரலிலும் படிகின்றது. அப்பொழுது இன்சுலினின் கட்டளைக்கு ஈரல் செவ்வனே பணிவதில்லை. வேண்டாத வேளையிலும் குளுக்கோசை இரத்தத்தில் விடுகின்றது. அதனை ஈடுசெய்யச் சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, நாளடைவில் தளர்கின்றது. நீரிழிவு தலைகாட்டுவது அப்போதுதான்.

ஆகவே, தராசோடு அளவுநாடாவும் வீட்டில் இருத்தல் நன்று. தென்னாசியருள் ஆடவர்க்கு இடைச்சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுவது எச்சரிக்கையென அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் வகுத்துள்ளது. ஆசிய மக்களுக்குச் சுட்டி 23ஐ எட்டும்போதே கவனம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்குழு 2004இல் அறிவித்தது.

நோய் வந்தபின்னும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. பிரித்தானியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், வைத்தியரின் மேற்பார்வையில் உணவைக் கடுமையாகக் குறைத்து நிறையிழக்கும் முறைக்கு 149 நீரிழிவாளர் உட்படுத்தப்பட்டனர். ஓராண்டின் பின் அவருள் 68 பேர் நீரிழிவு மருந்தின்றியே நோய் தணிந்த நிலையை எய்தினர். நோய்ப்பட்டு ஆறாண்டு கடவாதவர் அவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. காலந்தாழ்த்தாமையே இங்குச் சிறந்த மருந்து.

கலத்திற் சோற்றைச் சிறிது குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுதல், நாடோறும் நடத்தல், நாற்பதைக் கடந்தோர் இரத்தத்தைச் சோதித்தல் ஆகியன எவர்க்கும் இயல்வனவே. ‘நான் மெலிந்தவன்தானே’ என்று வாளாவிருப்பார்க்கும் இவை உரியன.