படக்கதையும் கடை விளையாட்டும் படிப்புதான்!



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்துக் கூட்டம் கலையும் நேரத்தில் நம் பேச்சு பிள்ளைகள் பக்கம் போய்விடும். "அஞ்சாவது படிக்கிறான், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்" என்போம். "எப்பப் பாரு விளையாட்டு, இல்லேன்னா படம் போட்ட கதைப் புத்தகம்" என்று குறைபடுவோம். "எனக்கே கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க?" என்ற ஆதங்கமும் வரும்.

வாசிப்பு சரளமாக வராத பிள்ளைக்கு மேல் வகுப்பு போகப் போக எல்லாப் பாடமும் பாரமாகிவிடும். கணக்கு தெரிந்தாலும் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. பிறகு பள்ளிக்கூடம் போகவே மனசு வராது. இதற்கு உதவும் இரண்டு வழிகள் நாம் குறை சொல்லும் அந்தப் படக்கதையிலும் விளையாட்டிலுமே இருக்கின்றன.

படக்கதை எப்படி உதவும்?

படக்கதை நமக்குப் புதுசல்ல. 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை நம்மில் பலருடைய அண்ணன்மார் ஒளித்து வைத்துப் படித்திருப்பார்கள்.

படக்கதையில் வரிகள் குறைவு. தெரியாத சொல் வந்தாலும் படத்தைப் பார்த்துப் பிள்ளை அர்த்தத்தை ஊகித்துவிடும். பேசுகிறவர் வாய்க்குப் பக்கத்திலேயே பேச்சு பலூனுக்குள் இருப்பதால், யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் இல்லை. ஒரு கட்டத்தில் பையன் மரத்தில் ஏறுகிறான், அடுத்த கட்டத்தில் கையில் கட்டோடு இருக்கிறான். நடுவில் நடந்ததைப் புத்தகம் சொல்லவில்லை, பிள்ளைதான் யோசித்து நிரப்புகிறது. பாடத்தைப் புரிந்து படிக்கவும் இதே பழக்கம்தான் வேண்டும்.

படக்கதை என்றால் வெறும் சிரிப்புக் கதை என்றும் நினைக்க வேண்டாம். அம்பேத்கருக்குச் சிறுவயதில் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட கொடுமையைச் சொல்லும் 'பீமாயணா' என்ற படக்கதைப் புத்தகம் 2011ல் ஆங்கிலத்தில் வந்தது. அதை வரைந்தவர்கள் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர். இவ்வளவு கனமான விஷயத்தையும் படக்கதையில் சொல்ல முடிகிறது.

வாசிக்கத் தெரியாத அம்மா என்ன செய்யலாம்?

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டிக் கேளுங்கள்:

• இவ ஏன் அழுவுறா?
• இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்?
• அடுத்த பக்கத்துல என்ன ஆகும்?
• நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?

பிறகு, "பலூன்ல என்ன எழுதியிருக்கு, எனக்குப் படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு நாம் படித்துக் காட்டுகிறோம் என்ற பெருமையிலேயே பிள்ளை நாலு வரி கூடுதலாகப் படிக்கும். தப்பாகப் படித்தால் திட்ட வேண்டாம், படத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

நடித்து விளையாடுவது

கடை, டீச்சர், டாக்டர், பஸ் கண்டக்டர் என்று பிள்ளைகள் தாமாகவே விளையாடுவார்கள். கடைக்காரராக நடிக்கும் பிள்ளை விலை சொல்ல வேண்டும், கூட்ட வேண்டும், மீதி கொடுக்க வேண்டும். நோட்டில் கழித்தல் கணக்கு போட அழும் பிள்ளை, இங்கே அதையே சிரித்துக்கொண்டு செய்யும்.

நம் குழுக் கூட்டத்தையே விளையாடச் சொல்லலாம். பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு 50 ரூபாய் காகிதப் பணம் போட்டால் 500 ரூபாய். ஒருவர் தலைவி, ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். 500 ரூபாயை ஒருவர் கடன் வாங்கி, மாதம் 100 ரூபாய் வீதம் அசல் கட்டுகிறார். மாத வட்டி நூற்றுக்கு 1 ரூபாய். மீதி அசலுக்கு வட்டி போட்டால் முதல் மாதம் 5, பிறகு 4, 3, 2, 1 ஆக மொத்தம் 15 ரூபாய். வாங்கிய முழுக் கடனுக்கும் மாதாமாதம் வட்டி போட்டால் 25 ரூபாய். பத்து ரூபாய் எங்கே போச்சு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நாளைக்கு யாரும் அவர்களை வட்டியில் ஏமாற்ற முடியாது.

படித்த படக்கதையை நடிக்கவும் சொல்லலாம். முடிவை மாற்றிப் பேசச் சொன்னால் கூச்சமும் போகும், சொல்வளமும் கூடும்.

கவனிக்க வேண்டியவை

• பொம்பளப் பிள்ளைகளுக்கே எப்பவும் சமையல் வேஷம் வேண்டாம். அவளும் மேனேஜராக, தலைவராக நடிக்கட்டும். பையனும் சோறு ஆக்கிப் பரிமாறட்டும்.
• அடிதடி மட்டுமே உள்ள புத்தகம் என்றால் கூட இருந்து பேசுங்கள்.
• இவை பாடப் புத்தகத்துக்குத் துணைதான், பதில் அல்ல. டீச்சரையும் அடிக்கடி பார்த்துப் பேசுங்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

ஊர்ப்புற நூலகத்தில் கேளுங்கள். 2023ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் படம் போட்ட சிறு புத்தகங்கள் பற்றிப் பள்ளியில் விசாரியுங்கள். போன் வைத்திருப்பவர்கள் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசுவோம். குழுவுக்குப் பத்துப் புத்தகம் சேர்த்து, வாரம் ஒரு வீடாக மாற்றிக்கொள்வோம். பணத்தைச் சுற்றுக்கு விட்டு வளர்த்த நமக்கு, புத்தகத்தைச் சுற்றுக்கு விடுவதா கஷ்டம்?