பிரதிநிதி சொல்ல வேண்டிய கணக்கு

போடியார் ஒருவர் தமது வயலை முல்லைக்காரரின் பொறுப்பில் விடுகின்றார். விதைப்பு முடிந்து, காவல் முடிந்து, சூடடித்து நெல் குவித்தபின் களத்திலேயே கணக்குப் பார்க்கப்படுகிறது. விதைநெல் எவ்வளவு, உழவுக் கூலி எவ்வளவு, வெள்ளம் கொண்டுபோனது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று முல்லைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார், போடியார் கேட்டிருப்பார். கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் பிறந்தவர்களுக்கு இவ்வழக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாராளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்று முடிந்து உறுப்பினர் ஊர் திரும்பும் வேளையும் இத்தகைய களவேளையே. இங்கே வாக்காளரே போடியார், பிரதிநிதியே முல்லைக்காரர். ஆயினும் நம் ஊர்களில் நடப்பது என்ன? மஃரிப் தொழுகை முடிந்ததும் சந்தியிலே மேடை எழும்புகிறது, ஒலிபெருக்கி முழங்குகிறது. கணக்குச் சொல்ல வந்தவர் மாலை சூடி மேடையில் வீற்றிருக்கின்றார். கணக்குக் கேட்க வேண்டியவர்களோ தெருவில் நின்று கைதட்டுகின்றனர். பெண்கள் வேலிக்குள்ளிருந்து கேட்கின்றனர். நன்றியுரையோடு கூட்டம் கலைகிறது. கேள்வி கேட்டவர் எவருமிலர். நாட்டப்பட்ட அடிக்கற்களின் பட்டியலே கணக்கென்று பெயர் பெற்றுவிடுகிறது.

கூட்டத்தொடர் என்பது யாது என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று. நம் நாட்டிலே ஜனாதிபதி பிரகடனத்தின் மூலம் பாராளுமன்றத்தை ஒத்திவைக்கும்போது ஒரு கூட்டத்தொடர் முடிவுறுகிறது. அடுத்த தொடர் இரண்டு மாதங்களுக்குள் ஆரம்பமாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. முடிவு காணாது நின்ற கருமங்களை அடுத்த தொடரிலே கொண்டு நடத்தவும் அது இடந்தருகிறது. ஆகவே, “நேரம் போதவில்லை” என்னும் விடை கணக்கின் முடிவாகாது. நின்றுபோன கருமம் எது, அதனை மீண்டும் எடுப்பவர் யார் என்று கேட்பதற்கு ஏற்ற வேளையும் அதுவேயாகும்.

ஒருவர் பொறுப்பு எழுவர் பொறுப்பானது

முன்னாளில் இக்கணக்கைக் கேட்பது ஓரளவு எளிதாயிருந்தது. 1947ஆம் ஆண்டு முதலாவது பாராளுமன்றம் அமைந்தபோது கல்முனை தனித் தொகுதியாக விளங்கிற்று. அதன் உறுப்பினராகச் சென்றவர் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர். ஊரின் குறையை யாரிடம் சொல்லுவது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அக்காலத்திலும் பிரதிநிதிகள் வாக்காளரைக் கேட்டே யாவும் செய்தனர் என்று சொல்லிவிட முடியாது. 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் வெற்றி பெற்ற காரியப்பர் அவர்கள் பின்னர் அரசாங்கத் தரப்பிற் சேர்ந்தார். அது சரியா பிழையா என்ற வாதம் இருக்கட்டும். சரியென்றாலும் பிழையென்றாலும், அடுத்த தேர்தலில் அதற்கு விடைசொல்ல வேண்டியவர் இன்னார் என்பது தெளிவாயிருந்தது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையைக் கொண்டுவந்தது. 1989ஆம் ஆண்டுத் தேர்தலே அம்முறையில் நடைபெற்ற முதலாவது பொதுத் தேர்தல். அதன்பின் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில், அம்பாறை ஆகிய நான்கும் திகாமடுல்ல மாவட்டத்தின் பிரிவுகளாயின. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மாவட்டத்துக்குரிய உறுப்பினர் எழுவர். வாக்காளர்களோ ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமானோர்.

இம்முறையால் நன்மை விளையவில்லை என்பது நமது கருத்தன்று. சிதறி வாழும் மக்களின் குரலும் சபையில் ஒலிக்க அது வழி செய்தது. 1989இல் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்கள் பாராளுமன்றம் புகுந்ததும் அவ்வழியாலேயே. ஆனால் எழுவருக்குப் பொதுவான பொறுப்பு சில வேளைகளில் ஒருவருக்கும் உரியதல்லாத பொறுப்பாகிவிடுகிறது. நன்மை நிகழ்ந்தால் எழுவரும் உரிமை கொண்டாடலாம். நிகழாவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிக்காட்டலாம்.

மாகாண சபையின் நிலையும் ஆறுதல் தருவதாக அமையவில்லை. கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல்கள் நடைபெற்றன. 2017 செப்டெம்பரில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் நெடுங்காலம் தேர்தலின்றி ஆளுநரின் நிருவாகமே நீடித்தது. பாடசாலை, வைத்தியசாலை, உள்ளூர்த் தெரு என்று அன்றாட வாழ்வைத் தொடும் விடயங்கள் பல அச்சபையைச் சார்ந்தவை. அவற்றுக்கு விடைசொல்லும் உறுப்பினரே இல்லாது ஆண்டுகள் கழிந்தன. எஞ்சிய பாரமும் பாராளுமன்ற உறுப்பினரின் தலையிலேயே விழுந்தது.

ஒலுவில் தரும் பாடம்

வாக்குறுதியை அளந்து பார்ப்பது எவ்வாறு? அதற்கு நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கல்முனையிலிருந்து தெற்கே நிந்தவூரைக் கடந்து ஒலுவிலுக்குச் சென்றாற் போதும். அஷ்ரஃப் அவர்களின் எண்ணத்தில் உருவான இரண்டு பெருங் கருமங்களை அங்கே ஒருங்கே காணலாம்.

ஒன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகம். போர்க்காலத்தில் உயர்கல்வி தடைப்பட்ட மாணவர்களின் தேவை அதன் பிறப்புக்குக் காரணமாயிற்று. அவர் அமைச்சராயிருந்த காலத்தில், 1995 ஒக்டோபரில், பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் பல்கலைக்கழகம் நின்று நிலைத்தது, வகுப்புகள் நடக்கின்றன, பட்டதாரிகள் வெளியேறுகின்றனர். இதன் கணக்கை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

மற்றையது துறைமுகம். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலைகள் ஆரம்பமாகி, 2013இல் திறந்து வைக்கப்பட்டது. திறப்பு விழாவோடு கணக்கை முடித்திருந்தால் இதுவும் வெற்றி என்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் கடல் தன் கணக்கைத் தனியே வைத்திருந்தது. இக்கரையிலே மணல் நீரோட்டத்தோடு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயற்கை. அலைதடுப்புக் கற்சுவர்கள் அந்த மணலை மறித்தன. துறைமுக வாயிலில் மணல் மேடிட்டுப் படகுகள் போய்வர வழியின்றித் தவித்தன. வடபுறத்திலோ மணல் வந்து சேராமையால் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிப்புண்டது, தென்னைகள் சாய்ந்தன, மீனவர் தோணி ஏற்றும் இடத்தையும் இழந்தனர்.

ஒரே ஊர், ஒருவரின் எண்ணம், பயனோ இருவகை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. அடிக்கல்லும் திறப்பு விழாவும் கணக்கின் முதற் பக்கங்களேயாகும். மூன்றாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் என்ன ஆயிற்று என்பதே கணக்கு. நட்டவர் போய்விட்டாலும், அடுத்து வந்த பிரதிநிதிகள் அப்பக்கங்களை எழுதியே ஆகவேண்டும்.

கேட்க வேண்டியவை

ஆகவே அடுத்த முறை உறுப்பினர் ஊருக்கு வரும்போது நாம் கேட்க வேண்டியவை சில உள. சபையிலே எமக்காக எந்த வினாவை எழுப்பினீர்கள். அமைச்சர் அளித்த விடை என்ன? எந்தச் சட்டமூலத்துக்கு வாக்களித்தீர்கள், எதனை எதிர்த்தீர்கள், எந்நாளில் சமுகமளிக்கவில்லை? வரவு செலவுத் திட்டத்தில் எந்த அமைச்சின் தலைப்பின்கீழ் எம் பகுதிக்குப் பணம் ஒதுங்கிற்று. அதில் செலவானது எவ்வளவு, திரும்பிப் போனது எவ்வளவு? எது கைகூடவில்லை, ஏன்?

இவற்றைச் சரிபார்ப்பதும் அரிதன்று. சபையிற் பேசப்படும் சொற்கள் பேசிய மொழியிலேயே ஹன்சாட் என்னும் அறிக்கையில் அச்சேறுகின்றன. இன்று அவ்வறிக்கை இணையத்திலும் கிடைக்கின்றது. கல்லூரியில் பயிலும் பிள்ளையொன்று வீட்டிலிருந்தால் ஒரு மாலைப்பொழுதிலே தேடி வாசித்துவிடலாம்.

கேட்பவர்கள் ஆண்கள் மாத்திரமே ஆதலும் தகாது. மருதமுனையில் நூல் விலை ஏறித் தறி ஓயும்போது அடுப்பின் கவலை உம்மாவுக்கே முதலில் வந்து சேருகிறது. மகப்பேற்று விடுதியில் தாதியர் குறைவென்றால் அதை அறிந்தவளும் அவளே. மேடைக்கு வரக் கூச்சமென்றால் வினாவைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தம் மகனிடம் கொடுத்தனுப்பலாமே! எழுதிய வினாவுக்கு ஒரு சிறப்புண்டு: அதனைக் கைதட்டலால் மூடிவிட முடியாது.

பிரதிநிதிகளுக்கும் ஒரு வார்த்தை. தோல்வியைச் சொல்ல அஞ்ச வேண்டாம். வெள்ளம் வந்து பயிர் அழிந்த ஆண்டிலும் முல்லைக்காரர் களத்துக்கு வந்தே கணக்குச் சொல்லுவார். அதனாலன்றோ அடுத்த போகத்துக்கும் வயல் அவர் கையிற் கொடுக்கப்படுகிறது! கைகூடாததை உள்ளபடி சொல்லி, அதற்கான காரணத்தையும் காட்டுகின்ற உறுப்பினரை நம் மக்கள் வெறுப்பதில்லை. கணக்கே சொல்லாது மாலை மட்டும் ஏற்பவரையே அவர்கள் நினைவில் வைக்கின்றனர்.

கணக்குக் கேட்பது பகைமையன்று. அது உரிமையாளனின் கடமை. வயல் நம்முடையது. களம் கூடும்போது நாமும் அங்கே இருக்க வேண்டும்.